மண்டைச் சூடா?

செகந்திராபாத்தில் உள்ள பகுதி மாரெட்பள்ளி. அங்கே தமிழ்க் குடும்பங்கள் பல வாழ்கின்றன. அப்படி ஒரு வீடு. அந்த வீட்டில் ஒரு பாட்டி. வயது 70.

பாட்டி தமிழும் பேசுவார். தெலுங்கும் பேசுவார். காய்கறிக்காரரிடம் பேரம் பேசுவார். மனக்கணக்குப் போடுவார்.

சில நாட்களாகப் பாட்டி மாறிவிட்டார். கணக்குத் தப்புகிறது. பேரன் பெயர் மறந்துபோகிறது. பகலிலும் தூங்குகிறார். "மண்டை கனக்கிறது, வலிக்கிறது" என்கிறார்.

"மண்டைச் சூடுதான்" என்றார் மருமகள். தினமும் தலையில் விளக்கெண்ணெய் வைத்தார். வலி போகவில்லை. மறதியும் போகவில்லை.

"அம்மாவுக்கு வயதாகிவிட்டது. அப்படித்தான் இருக்கும்" என்றார் மகன்.

ஒரு நாள் ஆஷா பணியாளர் வந்தார். பாட்டியைப் பார்த்தார்.

"அக்கா, பாட்டி எங்காவது விழுந்தார்களா?" என்று கேட்டார்.

மருமகள் யோசித்தார். "ஆமாம். ஒரு மாதம் முன்பு அத்தை குளியல் அறையில் வழுக்கி விழுந்தார்கள். தலை இடித்தது. காயம் இல்லை. அதனால் விட்டுவிட்டோம்."

"இன்றே ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போங்கள்!"

மகன் ஆட்டோ பிடித்தார். ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுத்தார்கள். மண்டை ஓட்டுக்குள் ரத்தம் தேங்கி இருந்தது. அது மூளையை அழுத்தியது. மண்டை ஓட்டில் சிறு துளை போட்டு ரத்தத்தை எடுத்தார்கள். பாட்டி மெல்லத் தேறினார். பேரனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்.

மருத்துவர் வீட்டாரிடம் விளக்கினார்:

"தலையின் தோல் வேறு. மூளை வேறு. நடுவில் மண்டை ஓடு இருக்கிறது. பேன், பொடுகு வந்தால் தோல் அரிக்கும். அதனால் மறதி வராது. எண்ணெய் தோலுக்கும் முடிக்கும்தான். மறதிக்கு அது மருந்து அல்ல.

வயதானவர்கள் லேசாக விழுந்தாலும் உள்ளே ரத்தம் கசியலாம். பல வாரம் கழித்தும் அது தெரியலாம்.

மறதிக்கு வேறு காரணங்களும் உண்டு. பி12 சத்துக் குறைந்தால் மறதி வரலாம். தைராய்டு குறைந்தாலும் வரலாம். இரண்டுக்கும் மருந்து உண்டு. அல்சைமர் என்ற மறதி நோயை முழுதும் குணமாக்க மருந்து இல்லை. அதனால்தான் காரணத்தைக் கண்டுபிடிக்க வேண்டும்."

பாட்டிக்கு இரண்டு மொழி தெரியும். அதுவும் நல்லதே. ஹைதராபாத் நிம்ஸ் மருத்துவமனையில் மறதி நோயாளிகள் 648 பேரைப் பற்றி ஆராய்ந்தார்கள். 2013-ல் முடிவு வந்தது. ஒரு மொழி மட்டும் பேசியவர்களைவிட, இரண்டு மொழி பேசியவர்களுக்கு நோய் நாலரை ஆண்டு தாமதமாக வந்திருந்தது. எழுதப் படிக்கத் தெரியாதவர்களிடமும் இந்த வித்தியாசம் தெரிந்தது.

உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியது எப்போது?

1. தலையில் அடிபட்ட பிறகு மறதி, அதிகத் தூக்கம், வாந்தி, தள்ளாட்டம் வந்தால்.

2. 50 வயதுக்கு மேல் நெற்றிப்பொட்டில் புதிதாக வலி வந்தால். தலை சீவும்போது வலிக்கும். மெல்லும்போது தாடை வலிக்கும். பார்வை மங்கும். இது ரத்தக் குழாய் வீக்கமாக இருக்கலாம். தாமதித்தால் பார்வை போய்விடலாம்.

பதில் சொல்லுங்கள்

1. பாட்டிக்கு மறதி ஏன் வந்தது?

2. எண்ணெய் வைத்தும் மறதி ஏன் போகவில்லை?

3. உங்கள் வீட்டுப் பெரியவர்கள் வழுக்கி விழாமல் இருக்க என்ன செய்யலாம்?