டிரெய்லர் ஏ.சி.யும் வீட்டு பிளக்கும்

கேள்வி: 30 ஆம்ப் டிராவல் டிரெய்லர் வாங்கியிருக்கிறோம். வீட்டு கராஜ் பிளக்கில் செருகி ஏ.சி.யை ஓட்டிப் பார்க்கலாமா?
– வாசகர், டெக்சாஸ்

பதில்: அடாப்டர் போட்டால் பிளக் பொருந்திவிடும், ஆனால் மின்சாரம் போதாது. முகாம்களில் இருக்கும் 30 ஆம்ப் இணைப்பு 120 வோல்ட்டில் 3,600 வாட் தரும். வீட்டின் 15 ஆம்ப் பிளக்கில் தொடர்ந்து 12 ஆம்புக்கு மேல் இழுக்கக் கூடாது. கூரையில் பொருத்தும் 13,500 பி.டி.யு. ஏ.சி.க்கோ ஓடும்போதே ஏறக்குறைய 12 முதல் 15 ஆம்ப் வேண்டும். கம்ப்ரஸர் கிளம்பும் நொடியில் இன்னும் பல மடங்கு இழுக்கும். 'சாஃப்ட் ஸ்டார்ட்டர்' என்ற கருவி அந்த நொடிச் சுமையை மட்டுமே குறைக்கும்.

மெல்லிய, நீளமான எக்ஸ்டென்ஷன் வயர் வேண்டவே வேண்டாம். வயர் சூடாகும், வோல்டேஜ் இறங்கும், கம்ப்ரஸர் கெடும். 30 ஆம்புக்கு 10 கேஜ் வயர் தேவை. மீட்டர் 105 வோல்ட்டுக்குக் கீழே காட்டினால் ஏ.சி.யை உடனே நிறுத்துங்கள்.

வீட்டிலேயே 30 ஆம்ப் பாயின்ட் போடுவதுதான் சரியான வழி. எலக்ட்ரீஷியனிடம் "டிரெய்லருக்கு, 120 வோல்ட்" என்று அழுத்திச் சொல்லுங்கள். துணி உலர்த்தும் இயந்திரத்துக்கான பாயின்ட் என்று நினைத்து 240 வோல்ட் கொடுத்துவிடுவது அடிக்கடி நடக்கும் தவறு. செருகியதுமே உள்ளிருக்கும் கருவிகள் எரிந்துபோகலாம். அதனால் மல்டிமீட்டரால் அளந்த பிறகே செருகுங்கள்.

முகாமில் பிரேக்கரை அணைத்துவிட்டுச் செருகி, பிறகு போடுங்கள். கழற்றும்போது முதலில் ஏ.சி., அடுத்து பிரேக்கர், கடைசியில் பிளக்.