குருதிக்கு இசைந்த பூச்சு

சென்னைக்குத் தெற்கே, மேடவாக்கத்திற்கும் சோழிங்கநல்லூருக்கும் இடையே அமைந்துள்ள ஊர் பெரும்பாக்கம். உறுப்பு மாற்று அறுவைக்குப் பெயர்பெற்ற மருத்துவமனை ஒன்று அங்கே உள்ளது. இதயத்தை மாற்றும் அறுவையின்போது, நோயாளியின் குருதி பிளாஸ்டிக் குழாய்களின் வழியே ஒரு பொறியினுள் சென்று, உயிர்வளி பெற்று, மீண்டும் உடலை அடைகின்றது. அவ்வழியிலே குருதி உறைந்துவிடுமாயின் உயிருக்கே இடர் நேரும்.

உடலினுள் ஓயாது ஓடும் குருதி, அயற்பொருளைத் தொட்டதும் உறைவது ஏன்? தொட்ட சில நொடிகளில் குருதியிலுள்ள புரதங்கள் அப்பொருளின்மீது படிகின்றன. அவற்றின்மேல் தட்டணுக்கள் ஒட்டுகின்றன. பின்னர் ஃபைப்ரின் என்னும் நுண்ணிழைகள் வலைபோற் பின்னிக் குருதியைக் கட்டியாக்குகின்றன. காயம்பட்டபோது உயிர்காக்கும் செயலே இங்குப் பகையாய் முடிகின்றது.

1916-ஆம் ஆண்டில் அமெரிக்க நாட்டுப் பால்டிமோர் நகரில், ஜே மக்லீன் என்னும் மருத்துவ மாணவர் குருதியை உறையச் செய்யும் பொருளை ஆராய்ந்து வந்தார். அவர் கண்டதோ உறைவைத் தடுக்கும் பொருள்! அவ்வாராய்ச்சியின் வழியே ஹெப்பாரின் என்னும் மருந்து பிறந்தது. ஆயினும், அம்மருந்தை உடலில் மிகுதியாகச் செலுத்தினால் குருதிப்பெருக்கு நேரிடும். ஆகவே, அதனைக் குருதியில் மட்டும் கலவாது, குழாயின் உட்புறத்திலேயே பிணைத்துவைக்க அறிஞர் முயன்றனர். 1963-ஆம் ஆண்டில் வின்சென்ட் காட் என்பவரும் அவர்தம் குழுவினரும், கிராபைட் பூசிய பரப்பின்மேல் ஹெப்பாரினைப் பிணைக்கும் முறையை வெளியிட்டனர்.

பின்னர் பாலிமர்ப் பூச்சுகள் வந்தன. பாலிஎத்திலீன் கிளைக்கால் போன்ற பாலிமர்களின் நீண்ட சங்கிலிகள் நீரைத் தம்மிடம் பற்றிக்கொள்கின்றன. அந்நீர்ப்படலம் புரதங்களை எளிதில் அண்டவிடுவதில்லை.

பூச்சேயன்றிப் பொருளின் தேர்வும் இன்றியமையாதது. திருவனந்தபுரத்திலுள்ள ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிலையத்தில், எம். எஸ். வலியத்தான் தலைமையில் செயற்கை இதய வால்வு உருவாக்கப்பட்டது. முதல் மூன்று வடிவங்களும் தோல்வியுற்றன. நான்காம் வடிவத்தில், உலோகக் கூட்டினுள் பாலிஎத்திலீன் தட்டு அமைந்தது. அவ்வால்வு 1990-ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்களில் முதன்முதலாக ஒரு நோயாளிக்குப் பொருத்தப்பட்டது.

எனினும், இத்தகைய வால்வைப் பெற்றோர் உறைவைத் தடுக்கும் மருந்தை வாழ்நாள் முழுதும் உட்கொள்ளுதல் வேண்டும். குருதிநாளத்தின் உட்சவ்வோ, ஹெப்பாரினை ஒத்த பொருளைத் தானே ஏந்திநின்று, உறைவை இடையறாது தடுக்கின்றது. அதற்கு முற்றும் நிகரான பரப்பை மனிதன் இன்னும் படைக்கவில்லை. அச்சவ்வே இன்றும் ஆராய்ச்சியாளர்க்கு ஆசானாய் விளங்குகின்றது.