சுயேச்சை ஒப்பந்தப் பணி: வரியும் கட்டண முறையும்

கொச்சி மாநகராட்சியைச் சேர்ந்த மட்டாஞ்சேரியில் மிளகும் இஞ்சியும் சேமித்து வைக்கப்பட்ட பழைய கிடங்குகள் சில, இன்று கலைக்கூடங்களாகவும் உணவகங்களாகவும் மாறியுள்ளன. 2012இல் தொடங்கிய கொச்சி - முசிறிஸ் பியனாலே இம்மாற்றத்துக்கு ஒரு காரணமாகும். மாத ஊதியத்தை விட்டு, உள் அலங்காரம், சிப்பம் கட்டுதல், கணினி வேலை ஆகியவற்றைத் தம் பொறுப்பில் ஏற்கும் இளைஞர்களுக்கு இங்கு வாய்ப்புண்டு. ஆயினும், முதல் ஒப்பந்தத்தில் கையொப்பமிடுமுன் அவர்கள் சில முடிவுகளைச் செய்தாக வேண்டும்.

பணியாளரா, ஒப்பந்ததாரரா?

இவ்வினா மட்டாஞ்சேரிக்குப் புதியதன்று. ஒரு காலத்தில் இங்குத் துறைமுக வேலை ‘சாப்பா’ எனப்பட்ட உலோக வில்லைகள் வாயிலாக வழங்கப்பட்டது. வில்லை கிடைத்தவருக்கு அன்று வேலை, கிடைக்காதவருக்கு இல்லை. இம்முறையை எதிர்த்து நடந்த போராட்டத்தில், 1953 செப்டம்பர் 15 அன்று நிகழ்ந்த துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர்கள் உயிரிழந்தனர். பின்னர் இம்முறை ஒழிக்கப்பட்டது.

ஒப்பந்தத்தில் எழுதப்படும் பெயர் மட்டுமே சட்ட நிலையை முடிவு செய்வதில்லை. தாரங்கத்ரா இரசாயன ஆலை வழக்கில் (1956) உப்பளத் தொழிலாளர்கள் உற்பத்தி அளவுக்கேற்பக் கூலி பெற்றனர்; உதவியாட்களையும் தாமே அமர்த்திக் கொண்டனர். எனினும், வேலை செய்யும் முறையின் மீது நிறுவனத்துக்கிருந்த கட்டுப்பாட்டைக் கருதி, அவர்கள் தொழிலாளர்களே என்று உச்ச நீதிமன்றம் ஏற்றது. ஆகவே, நேரமும் முறையும் பிறரால் வகுக்கப்படுமாயின், ‘ஒப்பந்ததாரர்’ என்ற பெயரை ஏற்று வருங்கால வைப்பு நிதியையும் பணிக்கொடையையும் இழத்தல் கூடாது. உண்மையிலேயே சுயேச்சையாக இயங்குபவர் அவற்றுக்கு ஈடான தொகையைத் தம் கட்டணத்திலேயே சேர்த்துக் கணக்கிட வேண்டும்.

வருமானத்தைக் கணக்கிடும் வழிகள்

1961ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்துக்கு மாற்றாக, 2025ஆம் ஆண்டுச் சட்டம் 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. இரு சட்டங்களிலும் சிறு தொழில் செய்வோருக்கு உத்தேச வருமான முறை உண்டு. இதன்படி விரிவான கணக்கேடுகளும் தணிக்கையும் தேவைப்படுவதில்லை.

தொழில், வணிகம் செய்பவர் மொத்த வரவில் குறைந்தது 8 சதவீதத்தை வருமானமாகக் காட்டலாம். வங்கி வழி வரும் தொகைக்கு இது 6 சதவீதம். வரவின் உச்சவரம்பு 2 கோடி ரூபாய். உள் அலங்காரம், பொறியியல், தகவல் தொழில்நுட்பம் போன்ற குறிப்பிட்ட துறை வல்லுநர்கள் வரவில் குறைந்தது பாதியைக் காட்ட வேண்டும். உச்சவரம்பு 50 லட்சம். ரொக்க வரவு 5 சதவீதத்துக்கு மேற்படாவிடில், வரம்புகள் முறையே 3 கோடி, 75 லட்சம் ஆகும். தரகுத் தொழிலுக்கு இம்முறை பொருந்தாது என்பதை நறுமணப் பொருள் தரகர்கள் கருத்தில் கொள்ள வேண்டும்.

ஓர் எடுத்துக்காட்டு

உள் அலங்கார வல்லுநர் ஒருவர் கிடங்கொன்றை உணவகமாக மாற்றும் பணிகளை ஏற்று, ஆண்டில் 18 லட்சம் ரூபாய் கட்டணம் பெறுகிறார் எனக் கொள்வோம். உத்தேச முறையில் அவருடைய வருமானம் 9 லட்சம். புதிய வரி முறையில் 12 லட்சம் வரை தள்ளுபடி இருப்பதால், வேறு வருமானம் இல்லையெனில் அவர் வரி செலுத்த வேண்டியதில்லை. ஆனால், கட்டணம் தரும் நிறுவனங்கள் மூலத்திலேயே 10 சதவீதம் பிடித்தம் செய்தால் 1,80,000 ரூபாய் முடங்கி நிற்கும். வருமான விவரப் படிவம் தாக்கல் செய்த பின்னரே அது திரும்பக் கிடைக்கும். இவ்விடைவெளியைத் தாங்க இயலாதவர், குறைந்த பிடித்தத்துக்கான சான்றிதழ் கோரி வருமான வரி அலுவலரிடம் விண்ணப்பிக்கலாம்.

அவரே மரமும் வண்ணப்பூச்சும் வாங்கி, அவற்றின் விலையாகிய 12 லட்சத்தையும் தம் பட்டியலில் சேர்த்தால் வரவு 30 லட்சமாகிறது. உத்தேச வருமானமோ 15 லட்சமாக உயர்ந்து தள்ளுபடி வரம்பைக் கடக்கிறது. குறைவாகக் காட்ட விரும்பினால் கணக்கேடும் தணிக்கையும் தேவைப்படும். மேலும், சேவைகளுக்கான 20 லட்சம் ரூபாய் வரம்பைத் தாண்டுவதால், சரக்கு மற்றும் சேவை வரிப் பதிவும் கட்டாயமாகிறது. பொருள்களை உரிமையாளரே நேரடியாக வாங்கி, வல்லுநர் தம் கட்டணத்துக்கு மட்டும் பட்டியல் தருவது இச்சிக்கலைத் தவிர்க்கும். செய்யும் வேலை ஒன்றே. கட்டண அமைப்பு மாறியதால் வரிப் பொறுப்பும் மாறுகிறது.

கட்டணம் பெறும் முறை

முன்பணம், பணிக்கட்டங்களுக்கேற்ற தவணை, இறுதித் தொகை எனப் பிரித்து எழுதிக்கொள்வது நலம். உத்யம் பதிவு பெற்ற குறு, சிறு நிறுவனத்துக்கு 2006ஆம் ஆண்டுச் சட்டம் பாதுகாப்பளிக்கிறது. எழுத்து மூலமான உடன்பாடு இருப்பினும் 45 நாள்களுக்கு மேல் கட்டணத்தை நிறுத்தி வைக்க இயலாது. உடன்பாடு இல்லையெனில் வரம்பு 15 நாள்கள். தாமதத்துக்கு வங்கி விகிதத்தைப் போல் மும்மடங்கு கூட்டு வட்டி உண்டு.

பெறும் தொகை முழுவதும் வருமானமன்று என்பதைப் புதியவர் மறத்தலாகாது. வரி செலுத்த வேண்டியிருப்பின் உத்தேச முறையில் முன்வரியை மார்ச் 15க்குள் ஒரே தவணையில் செலுத்திவிடலாம். அதற்கான தொகையை ஒவ்வொரு வரவிலிருந்தும் தனிக் கணக்கில் ஒதுக்கி வருதல் வேண்டும். மாநகராட்சிக்குரிய தொழில் வரியையும் கவனிக்க வேண்டும்.

சாப்பாவுக்காகக் காத்து நின்றவருக்கு நிபந்தனையை எழுதும் உரிமை இருக்கவில்லை. இன்றைய ஒப்பந்ததாரருக்கு அவ்வுரிமை உண்டு. வேலை தொடங்குமுன் அதைப் பயன்படுத்துவதிலேயே அவருடைய சுயேச்சை அடங்கியுள்ளது.