இணையம் இணைக்கிறதா? பிரிக்கிறதா?



மனிதர்களைப் பல சமூகங்களாகவும் கோத்திரங்களாகவும் ஆக்கியது அவர்கள் ஒருவரை ஒருவர் அறிந்து கொள்வதற்காகவே என்று அல்ஹுஜுராத் சூராவில் அல்லாஹு தஆலா நமக்கு உணர்த்துகிறான். அப்படியானால், உலகின் எந்த மூலையில் இருப்பவரோடும் நொடியில் பேச முடிகிற இந்தக் காலத்தில் நாம் பிற மக்களை எவ்வளவு நன்றாக அறிந்திருக்க வேண்டும்! அறிந்திருக்கிறோமா?

மியான்மரைப் பாருங்கள். ஒரு காலத்தில் அங்கே சிம் கார்டு வசதி படைத்தவர்களுக்கு மட்டுமே எட்டும் பொருளாக இருந்தது. 2014-இல் வெளிநாட்டு நிறுவனங்கள் வந்த பிறகு 1,500 கியாட்டுக்கு, அதாவது சுமார் ஒன்றரை டாலருக்கு, சிம் கிடைத்தது. பலருக்கு இணையம் என்றாலே ஃபேஸ்புக்தான் என்றானது.

அதே 2014 ஜூலையில், மாண்டலே நகரில் டீக்கடை நடத்தும் முஸ்லிம்கள் ஒரு பௌத்தப் பெண்ணை வன்கொடுமை செய்துவிட்டார்கள் என்ற செய்தி ஃபேஸ்புக்கில் பரவியது. கலவரம் மூண்டு இருவர் இறந்தார்கள். ஒருவர் முஸ்லிம், மற்றவர் பௌத்தர். அந்தப் புகாரே பொய் என்று பிறகு தெரிய வந்தது. போன உயிர்கள் திரும்பவில்லை.

2017 ஆகஸ்டில் தொடங்கிய ராணுவ நடவடிக்கையால் ரோஹிங்கியா மக்கள் 7 லட்சத்துக்கும் மேற்பட்டோர் பங்களாதேஷுக்கு ஓடினார்கள். அவர்கள் மீதான வெறுப்பை வளர்த்ததில் சமூக ஊடகத்துக்குப் பெரும் பங்கு உண்டு என்று ஐ.நா. உண்மை கண்டறியும் குழு 2018-இல் கூறியது. தடுக்கப் போதிய அளவு செயல்படவில்லை என்று ஃபேஸ்புக் நிறுவனமும் அதே ஆண்டு ஒப்புக்கொண்டது. பதிவுகளைக் கண்காணிக்கும் பணியில் பர்மிய மொழி தெரிந்தவர்கள் தொடக்கத்தில் மிகச் சிலரே இருந்தார்கள். ஒரு மக்களின் மொழியே தெரியாமல் அவர்களிடையே கடை விரித்தால், அங்கே என்ன விற்கப்படுகிறது என்பது எப்படித் தெரியும்?

எரிந்த கிராமங்களின் காட்சிகளை உலகுக்குக் காட்டியதும் அலைபேசிகள்தான். அதை மறுக்க முடியாது. ஆனால் 2019-இல் அகதி முகாம்களில் அதிவேக இணையம் நிறுத்தப்பட்டது. ஏறத்தாழ ஓராண்டு அந்நிலை நீடித்தது. அவர்களைப் பற்றிய பொய்க்கு வழி திறந்திருந்தது. அவர்கள் வாய் திறந்து பேச வேண்டிய நேரத்தில் வழி அடைபட்டது.

இது எங்கோ நடந்தது என்று நினைக்காதீர்கள். வடமாநிலங்களிலிருந்து பிள்ளை பிடிக்கும் கும்பல் வந்திருப்பதாக 2018-இல் நம் ஊர்களிலும் வாட்ஸ்அப் வதந்தி பரவியது. அந்த மே மாதம் திருவண்ணாமலை மாவட்டத்தில், குடும்பத்தோடு கோயிலுக்கு வந்த ஒரு மூதாட்டியைக் கூட்டம் அடித்தே கொன்றது. வதந்தியை அனுப்பியவர்களில் பலர் நல்ல எண்ணத்தில்தான் அனுப்பியிருப்பார்கள். நல்ல எண்ணம் அந்தத் தாயைக் காப்பாற்றவில்லை.

ஆகவேதான் வந்த செய்தியைத் தீர விசாரியுங்கள், அறியாமல் ஒரு கூட்டத்தாருக்குத் தீங்கு செய்துவிட்டுப் பிறகு வருந்தாதீர்கள் என்ற எச்சரிக்கை அதே சூராவில் வருகிறது. காதில் விழுந்ததையெல்லாம் பேசித் திரிவதே ஒருவரைப் பொய்யராக்கப் போதும் என்ற கருத்தில் நபி (ஸல்) அவர்களும் எச்சரித்துள்ளார்கள். இன்று அது நம் கட்டைவிரலுக்கும் பொருந்தும்.

சகோதரர்களே! நம் பள்ளிவாசலின் கடைசி ஸஃப்பில் வடமாநிலத் தொழிலாளர்கள் நிற்கிறார்கள். அவர்களைப் பற்றி வந்த எத்தனையோ செய்திகளை நாம் அனுப்பியிருக்கிறோம். அவர்களில் ஒருவருடைய பெயராவது நமக்குத் தெரியுமா? நம்மைப் பற்றி ஒரு பொய் பரவும்போது, பக்கத்து வீட்டுக்காரர் நம்மிடம் வந்து கேட்கக் கூடாதா என்று ஏங்குகிறோமே, அதே உரிமை அவர்களுக்கும் உண்டு.

இந்த வாரம் தொழுகை முடிந்ததும் ஒருவரிடம் ஸலாம் சொல்லி, பெயரையும் ஊரையும் கேளுங்கள். அறிமுகம் அங்கிருந்துதான் தொடங்கும்.

பிறரைப் பற்றிய பொய்க்குத் துணை போவதிலிருந்து அல்லாஹ் நம் நாவையும் கையையும் பாதுகாப்பானாக! ஆமீன்.