ஃபார்மட் அடித்தால்தான் தீருமா?

2024 ஜூலை 19, வெள்ளிக்கிழமை. இந்திய நேரம் காலை 9.39-க்கு கிரவுட்ஸ்டிரைக் நிறுவனம் தன் பாதுகாப்பு மென்பொருளுக்கு அனுப்பிய சிறு அப்டேட் ஒன்றில் பிழை இருந்தது. விண்டோஸின் அடிமட்டத்தில் இயங்கும் அதன் டிரைவர் அந்தக் கோப்பைப் படித்ததுமே கணினிகள் நீலத் திரை காட்டி நின்றன. மைக்ரோசாஃப்ட் மதிப்பீட்டின்படி சுமார் 85 லட்சம் கணினிகள். நம் நாட்டு விமான நிலையங்களில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுக்கும் நிலை வந்தது.

பிழையான அப்டேட்டை 78 நிமிடங்களில் திரும்பப் பெற்றுவிட்டார்கள். ஆனாலும் ஏற்கெனவே விழுந்த கணினிகள் பல தாமாக எழவில்லை. அவற்றுக்குச் சொல்லப்பட்ட வைத்தியம் மிக எளிது: சேஃப் மோடில் திறந்து, டிரைவர்ஸ் ஃபோல்டருக்குள் போய், 291 என்ற எண் கொண்ட அந்த ஒரு கோப்பை அழித்துவிட்டு ரீஸ்டார்ட் செய்வது. ஹார்டு டிஸ்க்கில் இருந்த எதற்கும் சேதமில்லை.

நீலத் திரை வந்தாலே 'ஓஎஸ் போயிடுச்சு, ஃபார்மட் அடிச்சாத்தான் சரியாகும்' என்று முடிவு கட்டும் பழக்கத்துக்கு இதைவிடப் பெரிய மறுப்பு வேண்டியதில்லை. ரேமோ டிஸ்க்கோ பழுதாகியும் நீலத் திரை வரலாம்தான். ஆனால் நேற்றுவரை ஓடிய கணினி, அப்டேட் ஆன மறுநாள் விழுந்தால் முதல் சந்தேகம் டிரைவர் மீதுதான் விழ வேண்டும். டிவைஸ் மேனேஜரைத் திறந்து, சிக்கல் தரும் சாதனத்தின் பிராப்பர்ட்டீஸில் டிரைவர் பக்கத்துக்குப் போனால் 'ரோல் பேக் டிரைவர்' என்ற பொத்தான் இருக்கும். அழுத்தினால் பழைய டிரைவர் திரும்பிவிடும். பொத்தான் மங்கலாக இருந்தால், திரும்பப் போகப் பழைய பதிப்பு அங்கே இல்லை என்று அர்த்தம்.

'எல்லா டிரைவரையும் ஒரே கிளிக்கில் புதுப்பிக்கிறோம்' என்று வரும் மென்பொருள்களை நம்புகிறவர்களும் ஏராளம். அவை தேவையே இல்லை. விண்டோஸ் அப்டேட்டும் லேப்டாப் தயாரித்த நிறுவனத்தின் தளமும் போதும். டிவைஸ் மேனேஜரில் சாதனத்தின் பெயரே தெரியாமல் மஞ்சள் முக்கோணம் மட்டும் நின்றால், டீடெய்ல்ஸ் பக்கத்தில் ஹார்டுவேர் ஐடியைப் பார்க்கலாம். தயாரிப்பாளர் எண் 8086 என்றிருந்தால் அது இன்டெல். நன்றாக ஓடுகிற டிரைவரைக் காரணமில்லாமல் மாற்றாமல் இருப்பதே நல்லது.

சிஸ்டம் ரீஸ்டோர் பற்றி நேரெதிரான இரண்டு நம்பிக்கைகள் உண்டு, இரண்டுமே தவறு. போட்டோக்கள் போய்விடும் என்று பயந்து அதைத் தொடாதவர்கள் ஒரு பக்கம். 2000-ஆம் ஆண்டு விண்டோஸ் மீ பதிப்பில் அறிமுகமான இந்த வசதி சிஸ்டம் கோப்புகள், ரெஜிஸ்ட்ரி, டிரைவர்கள், நிறுவிய மென்பொருள்கள் ஆகியவற்றைத்தான் பின்னுக்குக் கொண்டுபோகிறது. போட்டோவையும் ஆவணங்களையும் தொடுவதில்லை. தொடாது என்பதாலேயே, தவறுதலாக அழித்த கல்யாண போட்டோவை அது மீட்டுத் தரவும் செய்யாது. இது பேக்கப் என்று நினைத்து நிம்மதியாக இருப்பவர்கள் இந்த இடத்தில்தான் ஏமாறுகிறார்கள். ரீஸ்டோர் பாயிண்ட்டுகள் அதே டிஸ்க்கில் இருக்கின்றன. டிஸ்க் செத்தால் அவையும் போகும். பல கணினிகளில் இந்த வசதி அணைந்தே கிடக்கிறது என்பது இன்னொரு சங்கடம். சர்ச் பெட்டியில் 'கிரியேட் எ ரீஸ்டோர் பாயிண்ட்' என்று தேடித் திறந்து, சி டிரைவுக்கு நேரே 'ஆன்' என்று இருக்கிறதா எனப் பார்த்துவிடுவது அவசியம்.

விண்டோஸை 'ரீசெட்' செய்யும்போது 'கீப் மை ஃபைல்ஸ்' என்று தேர்ந்தெடுத்தால் எல்லாம் அப்படியே இருக்கும் என்பதும் பாதி உண்மைதான். சொந்தக் கோப்புகள் இருக்கும். நிறுவிய மென்பொருள்கள் போய்விடும்.

ஓஎஸ் மறுபடி போட்டால் லைசென்ஸுக்குத் திரும்பக் காசு கட்ட வேண்டுமா? அசல் விண்டோஸ் 10 அல்லது 11 ஓடிய அதே கணினி என்றால் பெரும்பாலும் வேண்டாம். டிஜிட்டல் லைசென்ஸ் அந்த ஹார்டுவேரோடு இணைந்தது. இணையம் கிடைத்ததும் ஆக்டிவேட் ஆகிவிடும்.

எதை மீட்கப் போனாலும் குறுக்கே நிற்கக்கூடியது, டிஸ்க்கைக் குறியாக்கம் செய்து வைக்கும் பிட்லாக்கர் பூட்டு. அந்த ஜூலை நாளில் பல அலுவலகங்களில் வேலை இழுத்தடித்ததற்கு இதுவும் ஒரு காரணம்: அந்தந்தக் கணினிக்கான 48 இலக்க மீட்பு எண்ணைத் தட்டினால்தான் உள்ளே போக முடிந்தது. புதிய விண்டோஸ் 11 லேப்டாப்புகள் பலவற்றில், மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்ததுமே இந்தப் பூட்டு தானாக விழுந்துவிடுகிறது. எண் தொலைந்தால் மைக்ரோசாஃப்ட்டாலும் அந்த டிஸ்க்கைத் திறந்து தர முடியாது. கணினி நன்றாக ஓடும்போதே உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் அந்த எண்ணைத் தேடி எடுத்து, ஒரு தாளில் எழுதி லேப்டாப் பையில் அல்லாமல் வேறிடத்தில் வையுங்கள்.