நோவும் அதனை ஆற்றும் நெறியும்

தமிழில் 'நோ' என்னும் அடியினின்று நோவு, நோதல், நோய் என்னும் சொற்கள் பிறந்தன. பிணியையும் அதனால் வரும் வருத்தத்தையும் நம் முன்னோர் ஒரே வேரில் வைத்தனர். ஆயினும் இவ்விரண்டும் ஒன்றல்ல. பிணிக்கு மருத்துவம் செய்து முடித்த பின்னரும் நோவு நிற்பதுண்டு. அதற்குத் தனியே மருந்தும் கவனமும் வேண்டும். முதுகெலும்பில் சத்திர சிகிச்சை பெற்ற இளையோரிடம் இதனைத் தெளிவாகக் காணலாம்.

காவிரிக்கரையிலுள்ள ஜேடர்பாளையத்தில் எம் உறவினச் சிறுவன் ஒருவன் உளன். அவனுக்கு 13 வயதாகையில், பக்கவாட்டில் வளைந்திருந்த முதுகெலும்பை நிமிர்த்தி உலோகத் தண்டுகளால் பிணைத்தனர். காணச் சென்ற யாம், "ஆண்பிள்ளை அழலாமா, தம்பி? பொறுத்துக்கொள்" என்றோம். அவனும் வாய் திறவாது கிடந்தான். ஆழ மூச்சு விடவும் அஞ்சினான். செவிலியரே அதனைக் கண்டு, நோவை 0 முதல் 10 வரை எண்ணிட்டுச் சொல்லுமாறு கேட்டனர். "ஒன்பது" என்றான். எம் அறிவுரை செய்த தீங்கை அப்பொழுதே உணர்ந்தோம்.

நோவுக்கஞ்சி மூச்சை அடக்கினால் நுரையீரலில் சளி தங்கும். அசையாது கிடந்தால் எழுந்து நடத்தல் தாமதப்படும். ஆதலின் முதற்கடன் நோவை அளத்தல். எண்ணறியாச் சிறுவர்க்குச் சிரிக்கும் முகம் முதல் அழும் முகம் வரை எழுதிய படங்களைக் காட்டுவர்.

இரண்டாவது மருந்து. ஒன்றையே மிகுத்துக் கொடாது, பலவகை மருந்துகளை அளவாகச் சேர்ப்பர். பாரசிட்டமால் போன்றவற்றை, நோவு முற்றும்வரை காத்திராது, குறித்த வேளைதோறும் தருவர். கடுநோவு மிகும் முதற் சில நாட்களில் மார்பீன் உதவும். பிணியாளரே பொத்தானை அழுத்திச் சிறுசிறு அளவாக அதனைப் பெறும் கருவியும் உண்டு. அது வரம்பு கடந்து தாராது. பிள்ளை உறங்குகையில் பெற்றோர் அதனை அழுத்தலாகாது. மருந்து மிகின் மூச்சுத் தளரும். மலச்சிக்கல், அரிப்பு முதலியனவும் நேரலாம். அவற்றையும் சொல்லல் வேண்டும்.

மூன்றாவது உடலைப் பேணுதல். தோளும் இடுப்பும் ஒருசேர, மரக்கட்டையைப் புரட்டுவதுபோல், பிள்ளையைத் திருப்புவர். விரைவில் எழுப்பி நடத்துவர். நடக்கவிருப்பதை முன்னரே எடுத்துரைத்தால் அச்சம் குறையும். அச்சம் குறைய நோவும் குறையும்.

நோவை அறவே ஒழித்தல் நன்றன்றோ எனின், அன்று. ஜேடர்பாளையத்திற்குக் கிழக்கே, அதே நாமக்கல் மாவட்டத்துக் கொல்லிமலையில், 1914-இல் மிஷனெரிமார்க்குப் பிறந்த மருத்துவர் பால் பிராண்டு இதற்கு விடை கண்டார். 1946-இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்த அவர், தொழுநோயாளர் விரல்கள் தாமாக அழுகி விழுவதில்லை என்றும், நோவுணர்ச்சி இழந்தமையால் தீக்காயமும் வெட்டும் அறியப்படாது விரல்கள் சிதைகின்றன என்றும் தெளிந்தார். நோவு ஒரு காவலன்.

எனவே சிகிச்சைக்குப் பின் எதிர்பார்த்த நோவைத் தணித்தல் வேண்டும். புதிதாய் எழும் நோவு, கால் மரத்தல், வலுவிழத்தல், காய்ச்சல் ஆகியவற்றை உடனே மருத்துவர்க்கு அறிவித்தல் வேண்டும். வாய்மூடிய பிள்ளை இவ்விரண்டையும் இழக்கிறான்.

சிலுவையில் நம் ஆண்டவரும் வாய்விட்டுக் கதறினார். கதறுதல் கோழைமையன்று. மாணாக்கராகிய நாம் பிணியாளரைக் காணச் செல்லுங்கால், "பொறுத்துக்கொள்" என்பதை விடுத்து, "எவ்வளவு நோகிறது?" என்று கேட்டு, விடையைச் செவிமடுப்போமாக.