ஏத்தம் எப்பன்னு பாத்தியா?

வெள்ளாறு கடலில் சேரும் பரங்கிப்பேட்டை முகத்துவாரத்தில் பல வருடமாகத் தூண்டில் போடுகிறேன். கரைக்குப் போனதும் முதல் வேலை, விரலை ஆற்றில் நனைத்து நாக்கில் வைத்துப் பார்ப்பது. உப்பு எவ்வளவு ஏறியிருக்கிறது என்று தெரிந்தால், அன்றைக்கு என்ன மீன், என்ன இரை என்பது பாதி முடிவாகிவிடும்.

ஆரம்பத்தில் தினமும் காலை ஆறு மணிக்குப் போய் உட்கார்வேன். முதல் நாள் நன்றாகக் கடித்தது; நாலாம் நாள் ஒன்றுமில்லை. பக்கத்தில் வீச்சுவலை வீசிக்கொண்டிருந்த பெரியவர், “ஆறு மணிக்கு வந்தா ஆச்சா தம்பி? ஏத்தம் எப்பன்னு பாத்தியா?” என்றார். கடல்நீர் ஆற்றுக்குள் ஏறும் ஏற்றம் ஒவ்வொரு நாளும் ஏறக்குறைய 50 நிமிடம் பிந்தும். நாலாம் நாளுக்குள் இரண்டரை மணி நேரம் தள்ளிப்போயிருந்தது. அன்றிலிருந்து ஏற்றம் தொடங்கும் ஒரு மணி, வற்றம் தொடங்கும் ஒரு மணி, இந்த இரண்டையும் விடுவதில்லை. நீர் அசையாமல் நிற்கும்போது டீ குடிக்கப் போய்விடலாம்.

ஐப்பசி, கார்த்திகையில் ஆறு செம்மண் கலங்கலாக இறங்கும். முகத்துவாரத்திலேயே நீர் இனிக்கும். ஆகாயத்தாமரை வந்து தூண்டில் நரம்பில் சிக்கும். அப்போது மணல்திட்டின் விளிம்பில் நிற்காதீர்கள். அடியில் நீர் அரித்திருப்பது மேலே தெரியாது.

மழை நின்று நீர் தெளியும் தை, மாசிதான் எனக்குப் பிடித்த காலம். நாக்கில் பாதி உப்பு கரிக்கும். கொடுவாவுக்கு உயிர் இறால் போடுங்கள். இறாலின் தலைக்கொம்புக்குக் கீழே கறுப்பாக ஒரு புள்ளி தெரியும். அதைத் தொடாமல் கொம்பின் அடியில் முள்ளைக் குறுக்கே ஏற்றினால் இறால் வெகுநேரம் துள்ளிக்கொண்டிருக்கும். புள்ளியில் குத்தினால் உடனே செத்துவிடும். கொடுவாவின் செவுள் மூடி பிளேடு மாதிரி. ஒருமுறை அதில் கைவிட்டுத் தூக்கியதில், விரல் எலும்பு தெரியக் கிழிந்தது. இப்போது ஈரத்துணி இல்லாமல் தொடுவதில்லை.

சித்திரை, வைகாசியில் ஆறு கடலைப் போலவே கரிக்கும். மணல் தரையில் கிழங்கான் மேயும். மெல்லிய நரம்பு, சின்ன முள், சேற்றுப்புழு போதும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்குத் தடைக்காலம் என்பதால் கரையில் கூட்டம் அதிகம். ஆடி, ஆவணிக்கு மடவை, மைதா உருண்டை.

எந்தக் காலமானாலும் கெளிறு சிக்கினால் முள்ளைக் கழற்றுமுன் வாயைப் பாருங்கள். பெண் இட்ட முட்டைகளை ஆண் கெளிறு வாயில் வைத்துக் காக்கும். குஞ்சு வெளிவரும்வரை சரியாக இரைகூட எடுக்காது. ஒருநாள் பக்கத்துத் தூண்டில்காரரின் மீனைக் கரையில் போட்டதும், கோலிக்குண்டு அளவில் மஞ்சள் முட்டைகள் மணலில் உருண்டன. இருவருமாகப் பொறுக்கி ஆற்றில் விட்டோம். அவை பிழைத்திருக்காது என்று அப்போதே தெரியும். அதிலிருந்து வாய் உப்பிய கெளிறு என் தூண்டிலில் வந்தால், தண்ணீருக்குள் வைத்தே நரம்பை வெட்டிவிடுகிறேன்.